துவண்ட இலைத் தக்காளி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். அஸ்தினாபுரத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் நடந்தது.

எதிர்வீட்டு அம்மாள் அங்கே ஒரு தக்காளிச் செடி வளர்த்தார். இத்தாலியில் வேலை பார்க்கும் மகன், கடலோர ஊர் ஒன்றில் தலைமுறைகளாகப் பயிராகும் நாட்டு ரகம் என்று ஒரு விவசாயியிடம் கேட்டு வாங்கி அனுப்பிய விதை. 'எருதின் இதயம்' என்று பெயராம். பேரிக்காய் போல, மடிப்பு மடிப்பாகப் பழுக்குமாம். ஆறு விதையில் ஒன்றுதான் பிழைத்தது. முதல் பழத்தை விதைக்கு விடப்போவதாகச் சொல்லிவிட்டு, அவர் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார்.

மறுநாள் காலை முதன்முறையாக அதைக் கிட்டே போய்ப் பார்த்தேன். இலைகள் மெலிந்து, துவண்டு தொங்கின. வாடல் நோய் என்று முடிவு கட்டினேன். பக்கத்திலேயே என் தொட்டிகள். முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் யாரைக் கேட்க வேண்டும்? பிடுங்கிக் குப்பையில் போட்டேன். வேர் அழுகல் எதுவுமின்றி வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை திரும்பியவர், மாடி பெருக்கும் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"வாடிப்போச்சுன்னு பிடுங்கிட்டியா? அந்த ரகத்துக்கு இலையே அப்படித்தான் தொங்கும்."

"நான் தொடலம்மா."

கேட்டுக்கொண்டே நின்றேன். என் படிப்பு சிரிப்பாய்ச் சிரிக்குமே என்று வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் அவளை நிறுத்திவிடுவதென்று பேச்சு வந்தது. நின்றால், இங்கே நான்கு வீடுகளில் அவள் பார்க்கும் வேலையும் போய்விடும். செயலாளர் மாடிச் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"வேணான்னா சாவி குட்த்துட்டுப் போறேன் சார். திருடின மாதிரி பேசாதீங்க."

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள். சாவி அவர் கைக்குப் போகும் முன், "நான்தான் பிடுங்கினேன்" என்றேன்.

"நீங்களா சார்?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார்.

பிறகு படிக்கட்டில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும் சார். அன்னிக்கு கதவாண்ட நின்னுகினு பாத்தேன். நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். கொஞ்சம் லேட்டு."

வேலை போகவில்லை. மகன் மறுபடி விதை அனுப்பினார். இந்த வருடம் காய்த்திருக்கிறது. ஆனால் அந்த மூன்று நாளும், எல்லாம் தெரிந்தே, காலையில் அவள் எனக்கு வணக்கம் சொன்னாள், நானும் தலையாட்டினேன் என்பதை நினைத்தால், அந்தத் துவண்ட இலைகள் முன்னால் இன்றும் என்னால் நிமிர்ந்து நிற்க முடிவதில்லை.