ஃபெரி வரைக்கும் சென்ட்

திவ்யா, முகிலா... இந்த வாரம் முதலில் உங்கள் இருவரோடுதான் பேச்சு. வாரம் தவறாமல் படிக்கும் மற்றப் பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். நம் வீட்டுச் சண்டைதானே, ரகசியம் ஒன்றும் இல்லை.

சண்டை ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி. சென்ட். சட்டையில் அடித்துக்கொள்ளும் சென்ட் அல்ல; அனுப்புகிற சென்ட்.

நடந்தது இதுதான், பிள்ளைகளே. என் மூத்த மகள் திவ்யாவுக்குக் கோலாலம்பூரில் கல்லூரி கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ரயில் ஏற வேண்டும். நாங்கள் இருப்பதோ தீவில், டத்தோ கிராமாட்டில். வழக்கம்போல நான், "வேன எடுத்துட்டு பாலத்துல போயி, ரயில்ல ஏத்தி சென்ட் பண்ணிட்டு வந்துர்றேன்" என்றேன்.

"வேணாம்ப்பா. நானே போயிக்கிறேன்."

"தனியாவா?"

"பின்ன? போன மாசம் கமலா அக்காவ சென்ட் பண்ண ரெண்டு காடியில போனீங்க. அத்தை ஸ்டேசன்லயே பாய் விரிச்சி எல்லாருக்கும் சோறு போட்டாங்க. செக்யூரிட்டிக்கும் சேத்து. மானம் போச்சு லா."

உண்மைதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் பயணம் போனால் ஊரே கிளம்பும். அந்த செக்யூரிட்டி இரண்டாம் முறை சம்பல் கேட்டு வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பெத்தவன் சென்ட் பண்ணாம வேற யாரும்மா பண்ணுவா?"

திவ்யா சிரித்தாள். "அப்பா, சென்ட்னா நீங்க வீட்டுல இருக்கணும், நான் போகணும். கூடவே வந்தா அதுக்குப் பேரு சென்ட் இல்ல."

அவள் தம்பி, பத்து வயது முகிலன் கை தட்டினான். எந்தக் கட்சிக்கு என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். அதற்காகச் சும்மா விட்டுவிட முடியுமா? அவளுடைய தடித்த அகராதியையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்த்தால், அந்தப் பொருளுக்கே பொருள் பார்க்க வேண்டியிருந்தது. தோசை ஆறிப் போனது.

திவ்யா சொன்னது சரி. கடிதம் அனுப்பினால் சென்ட். டாக்டரை அழைத்து வர ஆள் அனுப்பினாலும் சென்ட். அனுப்புகிறவர் இங்கே, போகிறவர் அங்கே. கூடவே போனால் 'டேக்' என்று சொல்ல வேண்டுமாம். நாமோ பிள்ளையை டியூஷனுக்கு சென்ட் பண்ணுகிறோம், அத்தையை ஏர்போர்ட்டுக்கு சென்ட் பண்ணுகிறோம் — எல்லாவற்றிலும் கூடவே தொற்றிக்கொள்கிறோம். பரீட்சையில் அகராதி சொல்கிறபடியே எழுதுங்கள். மார்க் முக்கியம்.

ஆனால் பக்கத்தின் அடியில் எனக்கும் ஒன்று கிடைத்தது. இது ஆங்கிலத்தில் மிகப் பழைய சொல்லாம். ஆதியில் 'போகச் செய்' என்று பொருள். 'பயணம்', 'வழி' என்று பொருள் தரும் பழஞ்சொற்களுக்கு இது உறவு. வழி... நாம் தமிழில் என்ன சொல்கிறோம்? வழியனுப்புதல். அந்தக் காலத்து வெள்ளைக்காரரும் நம் ஆட்களும் பேசி வைத்துக்கொண்டார்களா என்ன?

"பாத்தியாம்மா, வேர்லயே வழி இருக்கு. பாதி வழியாச்சும் நான் வரணும்."

"டிக்சனரிய காட்டி மிரட்டுறீங்க." கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஃபெரி வரைக்கும். நீங்க மட்டும். அதுக்கு மேல ஒரு அடி கிடையாது."

இப்போதெல்லாம் ஃபெரியில் காடி ஏற்றுவதில்லை. வேன் தானாகவே கரையில் நின்றுவிடும். கெட்டிக்காரி.

ஞாயிறு காலை, அம்மாவும் முகிலனும் வாசலோடு நின்றுகொண்டார்கள். நான் படகுத்துறையில் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். "பத்திரம்" என்றேன். வேறு என்னவோ சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் அவள் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டாள்.

திவ்யா, இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது.

வேனுக்குத் திரும்பினால், நீ உட்கார்ந்திருந்த சீட்டில் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அடுத்த ஃபெரி வந்துகொண்டிருந்தது. தீவிலிருந்து அந்தப் பக்கம் போக டிக்கெட்கூட வேண்டாம். திரும்பி வரத்தான் காசு. ஓர் அப்பனுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? பொட்டலத்தோடு ஓடினேன்.

கேட் அருகில் போன் சத்தம் போட்டது. உன் குரல்.

"அப்பா, சோத்த வேன்லயே விட்டுட்டேன். தூக்கிட்டு ஓடி வராதீங்க. நான் இங்கயே வாங்கி சாப்ட்டுக்கிறேன். பாத்துக்குவேன்ப்பா."

பின்னால் வந்தவர், "அண்ணே, ஏறுறீங்களா இல்லியா?" என்றார். ஒதுங்கி வழிவிட்டேன். எல்லாரும் ஏறினார்கள். கேட்டை மூடினார்கள்.

அனுப்புகிறவர் இங்கே, போகிறவர் அங்கே. அகராதியில் படித்தபோது சுலபமாகத்தான் இருந்தது.

வேனில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். புளிச்சோறு, நெத்திலி சம்பல். உனக்காக அம்மா காரம் குறைத்துச் செய்தது; எனக்கு உறைக்கவே இல்லை. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டுத்தான் வேனைக் கிளப்பினேன்.