ஒட்டியது போக மிச்சத் தோல்

மெடிக்கல் கோடிங் என்பது, அமெரிக்காவில் யாருக்கோ காலில் வந்த புண்ணுக்குத் திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு இன்ஷூரன்ஸ் பில்லுக்கு நம்பர் போடும் உத்தியோகம். என்னைப் போல முழித்த சகபாடிகளே, உங்களுக்கு இதயமோ எலும்போ வாய்த்திருக்கும். எனக்கு வாய்த்தது தோல்! ஆறாத புண்மேல் ஒட்டுகிற ரெடிமேட் தோல். டாக்டர் எழுதிய சார்ட்டைப் படித்து, எந்தத் தோல், எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கோட் நம்பர் போட வேண்டும். மூன்று மாதப் பயிற்சியில் மூன்று தப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். நைனாவோ நகரி டீக்கடை முழுக்க, ‘என் பொண்ணுக்கு அமெரிக்கா வேலை’ என்று சொல்லித் தீர்த்துவிட்டார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஊர் திரும்புவது?

எங்கிருந்து வந்த தோல்?

முதல் வாரமே தலை சுற்றியது. பிரசவத்தில் வெளியே வருகிற நஞ்சுக்கொடியின் சவ்வைச் சுத்தம் செய்து, காயவைத்து, பாக்கெட்டில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்களாம். அதைத்தான் புண்ணில் ஒட்டுகிறார்கள். நிஜமாகவா என்று டிரெய்னரை இரண்டு தரம் கேட்டேன். சாயந்திரம் போனில் அம்மாவிடம் சொன்னேன்.

“இன்னாடி சொல்றே? உன்னுதை நாய் தோண்டிடப் போவுதுன்னு உங்க நைனா இடுப்பாழத்துக்குப் பள்ளம் தோண்டிப் பொதைச்சாரேடி!”

முதல் தப்பு

இருபத்தைந்து சதுர சென்டிமீட்டர் துண்டு. புண்ணில் ஒட்டியது பதினெட்டு. மீதி ஏழு? நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண். வெட்டியது போக மிச்சத் துணியைச் சுருட்டி வைப்போமே தவிர, எறிந்த வழக்கமில்லை. அடுத்த நோயாளிக்கு ஆகும் என்று நினைத்து, பதினெட்டுக்கு மட்டும் நம்பர் போட்டு நிறுத்திவிட்டேன். டீம் லீடர் பாஸ்கர் சார் சித்தூர்க்காரர், பொறுமைசாலி. அவரே தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஒருத்தருக்குப் பிரிச்சதை இன்னொருத்தருக்கு ஒட்டுவாங்களாம்மா? மிச்சம் குப்பைக்குப் போயிடும். குப்பைக்கும் பில்லுல தனி லைன் போடணும்!”

சனிக்கிழமை மீன்

மீன் தோலிலும் ஒட்டுத் தோல் உண்டு. பக்கத்து சீட் சைலஜா சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டாள். அன்று பார்த்து அவளுக்கு மீன் சார்ட் வந்தது. கண்ணால் படிப்பதுகூடப் பாவம் என்று என் பக்கம் தள்ளினாள். நானும், பட்ட அடியை நினைத்து, மிச்சத்துக்குக் குப்பை லைன் போட்டேன். பாழாய்ப்போன டாக்டர் அந்த மிச்சத்தை அதே ஆளின் இன்னொரு காலில் ஒட்டியிருந்தார்! கடைசி வரியில் எழுதியும் இருந்தார். நான்தான் படிக்கவில்லை. இரண்டாவது தப்பு. அழுகையே வந்துவிட்டது. சைலஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“பாத்தியா, சனிவாரம் மீனைத் தொட்டா இப்படித்தான் தல்லி!”

கடைசி சார்ட்

பயிற்சி முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு சார்ட். துண்டு இருபத்தைந்து, ஒட்டியது இருபது, எறிந்தது எட்டு. விரல் விட்டு எண்ணினேன், கால்குலேட்டரில் போட்டேன். இருபத்தெட்டுதான் வந்தது. இல்லாத மூன்று எங்கிருந்து முளைத்தது? “அஞ்சுன்னு போட்டுட்டுப் போய்க்கினே இரு” என்றாள் சைலஜா. கை அஞ்சுக்குத்தான் போனது. ஆனால் எட்டு என்று எழுதியது அந்த டாக்டர். அதைத் திருத்த நான் யார்? ஒன்றும் விளங்காமல், ‘கணக்கு எனக்குப் புரியவில்லை, டாக்டரைக் கேட்கவும்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் பாஸ்கர் சார் கூப்பிட்டார். ஹாஸ்டல் பெட்டியை மனதுக்குள் கட்டிக்கொண்டே போனேன்.

“உங்க எல்லாருக்கும் பரீட்சை வைக்கத்தான் அந்தத் தப்பை நானே கலந்து வெச்சேன். மத்தவங்க எல்லாரும் அஞ்சுன்னு போட்டுட்டாங்க, நீ ஒருத்திதான் கேட்டே. வேலை ஆர்டரை வாங்கிக்கோம்மா.”

ஆக சகபாடிகளே, தெரியும் என்று நினைத்ததெல்லாம் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது, ‘புரியவில்லை’ என்று எழுதிய ஒரே வரி வேலை வாங்கித் தந்தது. ஏன் என்பது மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை.