அக்காவுக்கு மட்டும் ஓர் அட்டை

துடியலூரில் எங்கள் டாக்டர் ஆளுக்கு ஓர் அட்டை வைப்பதில்லை, வீட்டுக்கு ஒன்றுதான். எங்கள் அட்டையின் தலைப்பில் பெரியப்பாவின் பெயர். அதன் கீழே அவருடைய சர்க்கரை, அம்மாவின் முதுகுவலி, என் காய்ச்சல், அக்காவின் அடிகள் எல்லாம் தேதிவாரியாகக் கலந்து கிடந்தன. அக்கா பெரியப்பாவின் மகள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். பெரியம்மா இல்லாததால் அவளையும் அம்மாதான் டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

எனக்கு எட்டு வயது. அன்று காலை அக்காவின் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாட்சி சொல்ல என்னையும் கூட்டிப்போனாள் அம்மா. தண்ணீர்த் தொட்டிப் படியில் அக்கா வழுக்கி விழுந்துவிட்டாள் என்று வழியில் இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள். முதல்நாள் மாலை, கணக்கில் மார்க் குறைந்ததற்காகப் பெரியப்பா அவள் கையை முறுக்கியதை அம்மாவும் நானும் பார்த்திருந்தோம். எங்கள் வீட்டில் அதற்குக் கண்டிப்பு என்று பெயர்.

டாக்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, வழக்கமில்லாமல், சட்டைக் கையை மேலே ஏற்றினார். தோளுக்குக் கீழே, ஆறிக்கொண்டிருந்த கன்றல்கள் மஞ்சளும் பச்சையுமாகத் தெரிந்தன. அட்டையை எடுத்து மேலிருந்து படித்தார். அவர் விரல் பெரியப்பாவின் சர்க்கரையைத் தாண்டியது, என் காய்ச்சலைத் தாண்டியது, மூன்று இடங்களில் நின்றது.

“ஏனுங்கம்மா, அந்தப் படி இன்னும் எத்தனை தடவைங்க வழுக்கும்?”

“பாசி புடிச்சுக் கெடக்குதுங்க. தேச்சுப்போடறோமுங்க.”

“போன தடவை கதவு இடிச்சுதுன்னீங்க. அதுக்கு முந்தி சைக்கிள்.”

“ஒரு எடத்துல நிக்கமாட்டாளுங்க.” அம்மாவின் குரலில் பயத்தைவிடச் சலிப்பு அதிகம்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு கண்ணு. நீ பாத்தியா?”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தனுங்க. வழுக்கி உழுந்துட்டாங்க,” என்றேன். தடுமாறாமல் சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். “வாரம் ஒருக்கா இவளைக் கூட்டிட்டு வாங்க. இவங்கப்பாவையும் வரச் சொல்லுங்க, பேசோணும்.” புது அட்டை ஒன்றை எடுத்து, தலைப்பில் அக்காவின் பெயரை எழுதி, பழைய அட்டையிலிருந்து அந்த மூன்று வரிகளையும் பார்த்து எழுதினார். நான்காவதாக மணிக்கட்டு. சொன்னதைச் சரியாகச் சொன்ன எனக்கு அட்டை இல்லை என்பதில் எனக்குப் பெரிய வருத்தம்.

பெரியப்பா போகவில்லை. “அந்த டாக்டருக்குக் கைராசி போயிருச்சு. வேற பக்கம் பாத்துக்கலாம்,” என்றார் சாப்பிட்டுக்கொண்டே. கைராசி போனது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் யாரும் காரணம் கேட்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் விரல் வீங்கியபோது கவுண்டம்பாளையம் போனோம். முன்பு அடி ஏதாவது பட்டதுண்டா என்று புது டாக்டர் கேட்டார். “இல்லைங்க,” என்றாள் அம்மா. அவரும் பெரியப்பாவின் பெயரில்தான் அட்டை போட்டார்.

திரும்பும்போது பஸ் துடியலூர் டாக்டரின் வாசலைக் கடந்தது. அக்கா கட்டுப் போட்ட கையோடு ஜன்னலில் சாய்ந்து, அந்தப் பெயர்ப்பலகை மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே தனக்கென்று ஓர் அட்டை இருக்கிற பெருமை என்று நினைத்து, வீடு வரும்வரை நான் அவளிடம் பேசவில்லை.