ஆறு பெட்டைக் குட்டிகளும் ஒரு துண்டும்

ஆட்டு விலை ஏறினால் எங்கள் வீட்டில் சண்டை வரும். இறங்கினால் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு இருப்போம். போன ஆடிக்கு முன்னால் ஏறிய ஏற்றத்தில் நான் மூன்று நாள் என் வீட்டுக்காரரோடு பேசவில்லை.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். கொஞ்சம் நிலமும் ஒரு பட்டி செம்மறியும் உண்டு. நிலம் அவர் பொறுப்பு, ஆடு என் பொறுப்பு. ஓட்டிப்போய் மேய்ப்பது, குட்டி போடும்போது கூடவே உட்கார்ந்திருப்பது, புழுக்கை கூட்டி அள்ளுவது எல்லாம் நான். விற்பது மட்டும் அவர். இது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

அந்த வருஷம் தாயாடுகளில் பாதிக்குப் பல் தேய்ந்துவிட்டது. புல்லைக் கடிக்க முடியாத ஆடு அடுத்த ஈற்றில் குட்டிக்கு எங்கிருந்து பால் கொடுக்கும்? அவற்றின் இடத்துக்கு என்றுதான் ஆறு பெட்டைக் குட்டிகளைத் தனியாகக் கவனித்து வளர்த்தேன். ஆறும் நல்ல பால் உள்ள தாய்களுக்குப் பிறந்தவை. அவை போனால் இரண்டு வருஷத்தில் என் பட்டி காலி.

விலை ஏறியதும் அவருக்குக் கை பரபரத்தது.

"இந்த வெலை இனிமே வராதுமே. ஆறையும் தள்ளிட்டு, சந்தையில சினை ஆடா பாத்து வாங்கிக்கலாம்."

"விக்கும்போது ஏறுன வெலை நாம வாங்கும்போது மட்டும் எறங்கிடுமா?"

"உனுக்கு வியாபாரம் தெரியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாபாரம் தெரிந்த இந்த மனுஷர்தான் முந்தின வருஷம் சந்தையில் நாலு ஆடு வாங்கிக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். நாலும் சினையாம். வயிறெல்லாம் உருண்டைதான். உப்பைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் காட்டிய வயிறு என்பது மறுநாளே வற்றிக் காட்டிக்கொடுத்தது. ஒன்று மட்டும் குட்டி போட்டது, அதற்கும் ஒரு காம்பு அடைப்பு. சும்மா வரவில்லை, இருமலையும் சேர்த்துக் கொண்டுவந்தன. அதில் என் குட்டிகள் மூன்று போயின. நன்றாக ஈனுகிற ஆட்டை எவன் சந்தைக்கு ஓட்டி வருவான்? யாருக்கோ ஆகாததுதான் வரும். இதைச் சொன்னால், "ஊர்ல எல்லாரும் திருடனா?" என்று என் மேலேயே பாய்வார்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. "ஒரே கெடாவுக்குப் பொறந்த குட்டிங்க. அதையே வெச்சிக்கினு இருந்தா அப்பனுக்கும் மகளுக்கும் குட்டி பொறக்கும். சோனியா நிக்கும்" என்றார். உண்மைதான். அதற்குக் கிடாவை மாற்றினால் போதுமே! ஆனால் அவருடைய கிடாவை யாரும் வாயால்கூடத் தொடக்கூடாது. கொம்பு சுருண்ட பெரிய கிடா. வாரம் தவறாமல் குளிப்பாட்டி, டீக்கடை வரைக்கும் நடத்திக்கொண்டு போய் நாலு பேரிடம் காட்டிவிட்டு வருவார். எனக்கு ஒரு பவுடர் டப்பா வாங்கி வராதவர், அதன் கழுத்துக்கு மணி வாங்கிக் கட்டினார்.

நாலாம் நாள் வியாபாரி வந்தார். எங்கள் பக்கத்தில் ஆட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைக் கையின் மேல் போட்டுக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். விரல்தான் விலை. பெண்கள் கையை அதற்குள் விட்டு நான் பார்த்ததில்லை. எத்தனைக்கு முடிந்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "துண்டுக்குள்ள பேசனத வெளிய சொல்லக்கூடாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அன்றைக்கும் துண்டு விழுந்தது. என் ஆறு குட்டிகளும் பட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருக்க, இவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை. போய்த் துண்டைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். உள்ளே இவருடைய இரண்டு விரல் வியாபாரியின் கையில் இருந்தது.

"பெட்டைங்க விக்கறதுக்கு இல்லங்க."

வியாபாரி இவரைப் பார்த்தார். "இன்னாண்ணா, வூட்ல கேக்காமயா வெலை பேசறீங்க?"

"வெறுங்கையோட போவ வேணாம். கெடாவப் புடிச்சிக்கினு போங்க" என்றேன். "இப்ப நல்ல வெலை போவும். ரிஷிவந்தியத்துல வேற ரத்தத்துல ஒரு கெடாக் குட்டி சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏய், அது என் கெடாமே!" என்று இவர் கத்தினார்.

"அப்ப இந்த ஆறும் இன்னா, ரோட்ல கெடந்துச்சா? போன வருசம் மூணு குட்டியக் குழியில போட்டீங்களே, மறந்துபோச்சா?"

இவர் என்னை முறைத்துவிட்டு நகர்ந்தார். போய்க் கிடாவின் பக்கத்தில் நின்றுகொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. துண்டை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு என் கையை நீட்டினேன். அவர் தயங்கினார்.

"இன்னா யோசனை? எனுக்கும் அஞ்சு வெரல்தான்."

விலை முடியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு முறை கையை இழுத்துக்கொண்டேன், இரண்டு முறையும் அவரே கூப்பிட்டார். முடிந்ததும் வியாபாரி கயிறு எடுக்க வண்டிக்குப் போனார். இவர் என் பக்கத்தில் வந்து, கிடாவின் மணியைக் கையில் வைத்துக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டார்.

"எவ்ளோக்கு முடிச்ச?"

"துண்டுக்குள்ள பேசனத வெளிய சொல்லக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, ஆறையும் மேய்ச்சலுக்கு ஓட்டினேன்.