மிஸ்பா வீட்டு அண்ணாச்சி

தங்கதுரை அண்ணாச்சிக்குப் பெயர் வைக்கும் வியாதி இருந்தது. பிள்ளைகளுக்கு அல்ல, அவருக்கு இருந்தது ஒரே மகள். வீட்டுக்கு, கடைக்கு, ஆட்டோவுக்கு, ஒருமுறை பக்கத்துச் சந்தில் யாரோ கட்டிய கோழிக்கூட்டுக்குக்கூட வைத்தார். எல்லாம் வேதத்தில் வரும் ஊர்ப்பெயர்கள். அவர் பிறந்தது திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில். சொந்த ஊரின் பெயரே வேதத்திலிருந்து வந்தது என்பதால், மற்ற ஊர்ப்பெயர்களை விநியோகம் செய்யும் உரிமையும் தனக்குப் பிறப்பிலேயே வந்துவிட்டதாக நினைத்தார்.

வாலிபத்தில் பிழைப்புத் தேடிக் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்தவர். கொச்சங்காடிக் கிடங்குகளில் மிளகு மூட்டை சுமந்தார். சுமப்பதைவிடச் சுமப்பவனுக்குச் சோறு போடுவது முதுகுக்கு நல்லது என்று கண்டுபிடித்து, மனைவி வசந்தியை அடுப்படியில் நிறுத்தி ஒரு மெஸ் தொடங்கினார். 'ஏலிம் மெஸ்' என்று பெயர். பாலைவனத்தில் நடந்து களைத்த ஜனங்களுக்கு நீரூற்றுகளும் பேரீச்சமரங்களும் கிடைத்த இடமாம் ஏலிம். அண்ணாச்சியின் ஏலிமில் ஒரே ஒரு குழாய். அதில் தண்ணீர் வந்தால் தெருவே குடத்தோடு ஓடி வரும். மரம் என்று பார்த்தால் வாசலில் ஒரு முருங்கை, அதுவும் கம்பளிப்பூச்சியோடு.

என் தையல் கடைக்கும் அந்த மெஸ்ஸுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் வீட்டுச் சண்டையும் தாளிப்பும் ஒன்றாகத்தான் என் பக்கம் வரும். அதனால் நான் சொல்வதில் கேள்விப்பட்டது குறைவு, கேட்டது அதிகம்.

என் கடையையும் அவர் விடவில்லை. "மரியம், ஒன் கடைக்குக் கொங்கணிக்காரி வாரா, குஜராத்திக்காரி வாரா, மலையாளத்துப் பிள்ளைக வாராக. பாபேல்னு பேரு வையி, பொருத்தமா இருக்கும்லா" என்றார். நல்லவேளை, என் மகள் லுப்னா பள்ளியில் அந்தக் கோபுரக் கதையைப் படித்திருந்தாள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் கட்டின வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிய இடம் அது. அளவெடுத்துத் தைக்கிறவளுக்கு இதைவிட விளங்காத பெயர் கிடைக்குமா?

கொத்தனார் நல்லசிவம் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. இடக்கொச்சியில் வீடு கட்டினார், கிணறு வெட்டினார், அண்ணாச்சி சொன்னபடி 'மாரா' என்று வாசலில் எழுதினார். கிணற்றில் உப்புத்தண்ணீர் வந்தது. காயல் ஓரத்தில் வேறென்ன வரும், அதற்கு அண்ணாச்சி பொறுப்பில்லை. ஆனால் மாரா என்பது தண்ணீர் கசந்து குடிக்க முடியாமல் போன இடம் என்று யாரோ சொல்லிவிட, நல்லசிவம் நேராக மெஸ்ஸுக்கு வந்து நின்றார். அண்ணாச்சி அசரவில்லை. "கசப்பு ஒடம்புக்கு நல்லது சிவம். பாவக்கா திங்கலையா நீரு?" என்றார்.

இதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான். அவர் வேதத்தை அட்டையில் வாசித்தார். அவர்கள் சபையில் புதுவருஷ ஆராதனைக்கு ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு அட்டை எடுக்க வேண்டும். அதில் ஒரு வசனம் இருக்கும், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுத்த வாக்கு அது. அட்டை சின்னது, வசனத்தின் நல்ல பாதிதான் அதில் கொள்ளும். மீதிப் பாதியைத் தேடிப் போகிற பழக்கம் அண்ணாச்சிக்கு இல்லை. புஸ்தகம் வீட்டில் இருந்தது, பெரிய கறுப்பு அட்டைப் புஸ்தகம். ஞாயிறுதோறும் கக்கத்தில் ஏறிப் போகும், அதே சூட்டோடு திரும்பி வரும்.

வசந்தி இறந்துபோனபின் மெஸ் படுத்துவிடும் என்று தெருவே பேசிக்கொண்டது. படுக்கவில்லை. மகள் ஸ்வர்ணலதாவும் மருமகன் ஷிஜுவும் தூக்கி நிறுத்தினார்கள். ஷிஜு இடக்கொச்சிக்காரன், மலையாளத்துப் பிள்ளை. மெஸ்ஸுக்கு மீன் கொண்டுவந்தவன், மீனோடு மனசையும் கொடுத்துவிட்டு வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டான். வசந்தி வைத்துவிட்டுப் போன கல்சட்டியில் அவன் வைக்கும் மீன்குழம்புக்காக ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. அண்ணாச்சி மேஜையில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் ஏலிமுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடக்கொச்சியில் ஷிஜுவின் அம்மா வீட்டு முன்னறையில் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை போட வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளின் ஆசை. கேட்டபோதெல்லாம் அண்ணாச்சி மறுக்கவே இல்லை, அதுதான் அவர் சாமர்த்தியம். "அம்மா நினைவுநாள் முடியட்டும்" என்றார். முடிந்தது. "மழை விடட்டும்" என்றார். கொச்சியில் மழை எப்போது விட்டது? பிறகு ஓணம், பிறகு கிறிஸ்துமஸ். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மகள் ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். தட்டில் சோற்றைத் தள்ளித் தள்ளி வைத்தார், வாய்க்குப் போகவில்லை. அந்த மனுஷனுக்குத் தனியாகச் சாப்பிடத் தெரியாது. பயம் அதுதான், அதைச் சொல்ல வாயில்லாமல் வேதத்தைத் துணைக்கு அழைத்தார்.

அந்தப் புதுவருஷம் அவர் எடுத்த அட்டையில், எனக்கும் உனக்கும் நடுவில் கர்த்தர் நின்று கண்காணிப்பார் என்றிருந்தது. கீழே ஆதியாகமம், முப்பத்தொன்றாம் அதிகாரம். அந்த இடத்தின் பெயர் மிஸ்பா, காவல்கோபுரம் என்று அர்த்தமாம். அண்ணாச்சி பூரித்துப் போனார். மகள் எங்கும் போகாமல் ஆண்டவரே காவலுக்கு நிற்கிறார், இனி என்ன கவலை? மெஸ்ஸுக்கு மேலே மாடி எடுத்தார், பிள்ளைகள் குடியிருக்க. கறுப்புக் கல்லில் 'மிஸ்பா' என்று தமிழிலும் மலையாளத்திலும் வெட்டி மாடிப்படி ஓரம் பதித்தார்.

"பேரு எப்படி மரியம்?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. அதிகாரம் முழுசா வாசிச்சீங்களா?"

"அட்டையிலதான் இருக்கே."

வீட்டுப் பிரதிஷ்டைக்குத் தெருவே வந்தது. நானும் போனேன், பிரியாணி வாசனை சுவரேறி வந்தபிறகு போகாமல் இருக்க முடியுமா? பாஸ்டர் ஜெபம் செய்து, பெயருக்கான வேதபாகத்தை யார் வாசிப்பது என்று கேட்டார். வந்தவர்களில் பாதி மலையாளத்துக்காரர்கள். அண்ணாச்சி மருமகனைப் பெருமையோடு முன்னால் தள்ளினார். "ஷிஜு வாசிக்கட்டும், மலையாளத்துல. முப்பத்தொண்ணாம் அதிகாரம்."

"அப்பச்சா, அத்யாயம் முழுவன் வாயிக்கணோ?"

"முழுசாவே வாசி. ஜனங்க கேக்கட்டும்."

ஷிஜு சொன்னதைச் செய்கிற பையன், முதல் வசனத்திலிருந்து தொடங்கினான். நாங்கள் யாகூப் நபி என்று சொல்கிறோமே, அந்த யாக்கோபு மாமனார் வீட்டில் வருஷக்கணக்காக ஆடு மேய்த்தது வந்தது. மாமனார் லாபான் பேச்சை மாற்றி மாற்றி வைத்தது வந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் யாக்கோபு பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்பியது வந்ததும் ஷிஜுவின் குரல் மெல்ல இறங்கியது. அவன் தலை நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தான். இடக்கொச்சியிலிருந்து வந்திருந்த அவன் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"நிர்த்தண்டா மோனே. நல்ல கதையாணல்லோ."

அம்மாவே நிறுத்தாதே என்றதும் மேலே வாசித்தான். துரத்தி வந்து பிடித்த லாபானின் கண்ணில் படாமல், அவன் மகள் அப்பன் வீட்டிலிருந்து திருடி வந்த குலதெய்வச் சிலைகளை ஒட்டகச் சேணத்துக்கு அடியில் ஒளித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்ட இடம் வந்தது. அந்த நேரம் ஸ்வர்ணலதா மூலையிலிருந்த ஒரு துணிப்பையைக் காலால் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

வாய்ச்சண்டை முற்றியதும், கடைசியில் மாமனாரும் மருமகனும் கல்லைக் குவித்து உடன்படிக்கை செய்ததும் வந்தன. கெட்ட எண்ணத்தோடு நீ இதைத் தாண்டி என் பக்கம் வராதே, நானும் உன் பக்கம் வரமாட்டேன். ஒருவர் கண்ணுக்கு ஒருவர் மறைந்தபின் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். அதுதான் மிஸ்பா. நம்பிக்கையில்லாத மாமனாரும் மருமகனும் பிரிந்து போன இடத்து எல்லைக்கல். அதைத்தான் அண்ணாச்சி காசு கொடுத்து இரண்டு மொழியில் வெட்டிப் பதித்திருந்தார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாஸ்டர் தொண்டையைச் செருமினார், அவரும் அதுவரை அட்டையோடு நின்றவர்தான் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே அடங்கிவிட்டது.

ஸ்வர்ணலதா எழுந்து போய் அப்பாவின் கறுப்புப் புஸ்தகத்தை எடுத்து வந்தாள். ஒட்டியிருந்த தாள்களைப் பிரித்து இடத்தைக் காட்டினாள். "கடைசி வசனத்த நீங்க வாசிங்கப்பா. தமிழ்ல."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். லாபான் அதிகாலையில் எழுந்து, பேரப்பிள்ளைகளையும் மகள்களையும் முத்தமிட்டு, என்பதுவரை வந்தார். நின்றுவிட்டார்.

"இன்னும் இருக்குப்பா."

"தெரியும்மா."

"வாசிங்க."

ஆசீர்வதித்து, தன் இடத்துக்குத் திரும்பிப் போனான் என்று வாசித்து முடித்தார். வாழ்நாளில் ஒரு அதிகாரத்தை அவர் கடைசிவரை போய்ப் பார்த்தது அன்றுதான். புஸ்தகத்தை மூடிவிட்டு மகள் நெற்றியில் முத்தமிட்டார். அடுத்து ஷிஜுவின் தலையில் கைவைத்தார். பிறகு எல்லோரும் பிரியாணிக்கு உட்கார்ந்தோம்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் ஆட்டோவில் இடக்கொச்சிக்குப் போனார்கள். அண்ணாச்சியே பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். துணிப்பையை மட்டும் ஸ்வர்ணலதா கையில் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோ திரும்பியதும் அவர் மெஸ்ஸுக்குள் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்புறம் என் கடைக்கு வந்தார்.

"மரியம், வசந்தி கல்சட்டியக் காணோம்."

"அதுவும் அந்த அதிகாரத்துல இருக்கே அண்ணாச்சி."

முதலில் முழித்தார். பிறகு சிரித்தார். "அவ எடுத்துக்கட்டும். அவ அம்மாதுதானே" என்று முக்காலியில் உட்கார்ந்தார். கக்கத்தில் கறுப்புப் புஸ்தகம் இருந்தது, இடையில் விரல் வைத்திருந்தார். நான் சாயா ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த மாமனார் திரும்பிப் போயி என்னத்தச் சாப்பிட்டான்னு எழுதல மரியம்" என்றார். "அடுத்த அதிகாரமும் வாசிச்சுப் பாத்துட்டேன். அதுலயும் இல்ல."