துலாவில் நடந்த எங்கள் அண்ணை

சிவபதமடைந்த எங்கள் தமையனாருக்கு ஆண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்தன்று, கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவு மலர் ஒன்றை அச்சிட்டு வழங்க வேண்டும் என்று நான் சொன்னபோது, உறவினர் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உத்தியோகம் பார்த்தவருக்கும் பிள்ளை குட்டி பெற்றவருக்கும் அல்லவா கல்வெட்டு அடிப்பார்கள்? கலியாணம் செய்யாத, யாரோடும் கதைக்காத ஒருவரைப் பற்றி என்னத்தை எழுதுவது என்பது அவர்கள் யோசனை. வெண்பாப் பாடித் தரும் புலவர் ஒருவரிடம் போனோம். "பாட்டிலை வைக்க அவர் செய்ததுகளைச் சொல்லும் பிள்ளை" என்றார். "தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சவர்" என்றேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டார். ஆகையால் இந்த மலரில் பாட்டு இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த வசனத்தில் நானே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை நீர்வேலியில் எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் தலைச்சன் பிள்ளையாகப் பிறந்தார். நல்ல வடிவான குழந்தையாம். கண்ணூறு படும் என்று அம்மா அவரை வெளியே தூக்கிப் போகமாட்டாராம். வயது ஏறியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பாரார். செவிடு என்று ஊர் சொன்னது. ஆனால் கோயில் மேளம் எங்கோ தூரத்தில் கேட்டாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நெல்லுப் பெட்டகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார். செவிடருக்கு மேளம் கேட்குமா?

நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் பித்தம் என்று சொல்லித் தலைக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். சாத்திரியார் ஏழரைச் சனி என்றார். அம்மா எண்ணெயும் வைத்தார், சனிக்கு எள்ளெண்ணெயும் எரித்தார். சனி தன் காலம் முடிந்து போய்விட்டது. அண்ணை இருந்தபடியே இருந்தார். பின்னாளில் சோறு, தண்ணி, வேண்டாம் என்று சில சொற்கள் வந்தன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும் இரைச்சலைத் தாங்காமல் ஓடிவந்துவிட்டார். அதோடு படிப்பு முடிந்தது.

அவருக்கு வாய்த்த இடம் துலாதான். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றடியில் ஒருவர் நின்று பனையோலையால் முடைந்த பட்டையை இறக்கி, ஏறிவரும் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். இன்னொருவர் மேலே, பட்டையின் கயிறு கட்டிய நீண்ட துலா மரத்தில் முன்னும் பின்னும் நடந்து அதைத் தாழ்த்தி உயர்த்துவார். பட்டையைப் பிடித்தவர் ஐயாவின் தம்பி, எங்கள் சின்னையா. துலாவில் நடந்தவர் அண்ணை. பையனாக இருந்தபோது ஒரு நாள் தானாகவே ஏறி நடந்தார். விழுந்துவிடுவான் என்று ஐயா பதறிப்போய் ஓடினார். ஆனால் அண்ணையின் முகத்தைக் கண்டதும் கூப்பிடாமல் நின்றுவிட்டார். அப்படி ஓர் ஆறுதலை அந்த முகத்தில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை என்று ஐயா பலமுறை சொல்லியிருக்கிறார்.

தோட்டத்தின் கடைக்கோடியில், முருங்கை மரத்தடியில் நின்று, பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிடுவது என் வேலை. கடைசிப் பாத்தி நிறைந்து, தண்ணீர் போதும் என்றானதும், "அண்ணை, காணும்" என்று குரல் கொடுப்பேன். துலா நிற்கும். அவர் இறங்கி என்னைக் கடந்து போவார், ஆனால் என்னைப் பார்க்கமாட்டார். எனக்கு அப்போது ஒரே ஆசைதான். ஒருமுறையாவது அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட வேண்டும். வழியை மறித்து நின்று பார்ப்பேன். வாழைக்குள் ஒளிந்து, தேடுகிறாரா என்று பார்ப்பேன். அவர் பாட்டுக்குப் போய்விடுவார். மற்றத் தோழிகள் தங்கள் தமையன்மாரோடு சண்டை பிடித்து அழுதுகொண்டு வரும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பிறகு எனக்குச் சண்டிலிப்பாயில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற அன்று அண்ணையை என்ன செய்வது என்பதே வீட்டில் பெரிய தலையிடி. இப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவார்கள் அல்லவா? ஐயா சின்னையாவைக் கூப்பிட்டு, "அவனைத் துலாவிலை ஏத்திவிடு. அவையள் போகுமட்டும் இறைப்பை நிப்பாட்டாதை" என்றார். துலாவில் ஏறினால் அண்ணை வீட்டுப் பக்கம் வரமாட்டார் என்பது ஐயாவின் திட்டம். திட்டத்தில் பிழை இல்லை. தண்ணீரைத் திருப்பிவிடுகிறவள் புதுச் சேலையோடு வீட்டுக்குள் இருக்கிறாள் என்பதைத்தான் மறந்துபோனார்.

வந்தவர்கள் காணி, புகையிலை, கோயில் திருவிழா என்று அவசரமில்லாமல் ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். துலா ஓயாமல் கிறீச்சிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார், பின்னர் எனக்கு மாமாவானவர், தாமும் தோட்டக்காரர். இடைக்கிடை காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு வாசலுக்கு வெளியே பார்த்தார். வேலிக்கு அடியால் தண்ணீர் புகுந்து அவருடைய வண்டில் மாடுகளின் காலடியில் தேங்கி நின்றது.

"ஆர் உது இறைக்கிறது? புகையிலைக் கண்டெல்லாம் அழுகிப்போகுமே" என்றார்.

"அது கூலிக்கு நிண்டவன் ஒருத்தன்" என்றார் ஐயா.

"அப்ப நிப்பாட்டச் சொல்லுங்கோவன்."

ஐயா போய்ச் சத்தம் போட்டார். சின்னையா பட்டையை விட்டுவிட்டார். ஆனால் துலா நிற்கவில்லை. வெறுந்துலாவில் அண்ணை நடந்துகொண்டே இருந்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் வெற்றிலைத் தட்டத்தை வைத்துவிட்டு, சேலைக் கரை சேற்றில் இழுபட, முருங்கை மரத்தடிக்குப் போய், "அண்ணை, காணும்" என்றேன். அவர் இறங்கி, வந்திருந்த எல்லோருக்கும் முன்னால், ஒருவரையும் பாராமல் நடந்து உள்ளே போனார்.

"உவர் உங்கடை மூத்தவரோ?" என்று மாமா கேட்டார்.

"ஓம்" என்றார் ஐயா.

மாமா கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். சம்பந்தம் கலைந்தது என்று அம்மா அழுதார். ஆனால் சண்டிலிப்பாயிலிருந்து சம்மதம் என்றே சொல்லி அனுப்பினார்கள். இவ்வளவு நல்ல மனிதர்களா என்று ஊரே வியந்தது.

காரணம் கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. என் கணவர் அந்த வீட்டில் ஒரே மகன், மாமிக்கும் உடம்பு ஏலாது என்றதால், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருக்கும் எங்கள் வழக்கத்துக்கு மாறாக நான் அங்கே போய் வாழவேண்டி வந்தது. போன அன்றே பின் அறைக் கதவைத் திறந்துகொண்டு என் கணவரின் தமக்கையார், என் மச்சாள், வந்தார். அப்படி ஒருவர் இருப்பதாக எங்களுக்கு யாரும் மூச்சு விட்டிருக்கவில்லை. வந்தவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்கடை கிணறு நல்ல தண்ணியோ, உவர்த் தண்ணியோ?" என்று கேட்டார். நல்ல தண்ணி என்றேன். மறுநாள் காலையிலும் அதையே கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். மாமி பயந்துபோய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றப் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் சிரிப்புத்தான்.

அண்ணைக்கு மேளம் ஆகாது. மேளம் கேட்டால் மச்சாளுக்கு வீட்டில் கால் தரிக்காது. அண்ணையைத் தொட்டால் விலகுவார், மச்சாளோ பிடித்த கையை விடமாட்டார். அவருக்குச் சொல் இல்லை, இவருக்கு ஓய்வு இல்லை. ஆனாலும் இருவரும் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் என்று எனக்குப் பட்டது. அந்த ஊரின் பேர் பரியாரியாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மச்சாளை நான் பின் அறையில் இருக்க விடவில்லை. முற்றத்தில் என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதைக் கண்டபிறகு எங்கள் ஒழுங்கையில் உள்ள அயல்வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருத்திக்கு வெள்ளைச் சோறு தவிர ஒன்றும் தொடாத மகன். இன்னொருத்திக்கு, நாள் முழுக்கத் தாயம் விளையாடும் சோகிகளை வரிசையாக அடுக்கும் மகள். "எங்கடை வீட்டிலை மட்டும் எண்டெல்லோ இருந்தனான்" என்று ஒருவர் அழுதார். கொடிகாமத்தில் கணக்குப் படிப்பிக்கும் எங்கள் உறவினர் ஒருவர், சபையில் எவர் முகத்தையும் பாராமல் பேசுவதால் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயரெடுத்தவர், ஒருமுறை வந்து மச்சாளின் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். போகும்போது, "நானும் உவையின்ரை ஆள்தான் பிள்ளை. எனக்குக் கதைக்க வந்திட்டுது, அவ்வளவுதான்" என்றார். எத்தனை வீடுகளில் எத்தனை விதமாய் இவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன்.

நான் போனபின் நீர்வேலியில் நடந்த முதல் இறைப்பன்று, அண்ணை துலாவிலிருந்து இறங்கவில்லை. ஐயா கூப்பிட்டார், அம்மா கெஞ்சினார். பொழுது சாயும் மட்டும் வெறுந்துலாவில் நடந்தார். ஆள் வந்து சொல்ல, என் கணவர் என்னை வண்டிலில் கூட்டிப்போனார். முருங்கையடியில் நின்று நான் சொன்னதும் துலாவிலிருந்து இறங்கிவிட்டார். அண்ணை என்னைத் தேடியிருக்கிறார் என்று நான் பட்ட சந்தோஷத்தை எழுத முடியாது. ஆனால் ஒவ்வொரு இறைப்புக்கும் வந்துபோக முடியுமா? "என்ரை இடத்திலை நிண்டு, நான் சொல்லுற மாதிரியே சொல்லிப் பாருங்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த இறைப்பில் அம்மா முருங்கை மரத்தடியில் நின்று, தான் பெற்ற பிள்ளையைப் பார்த்து, "அண்ணை, காணும்" என்றார். துலா நின்றது.

எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. அப்படியானால் அவர் அறிந்தது என்னையல்ல, அந்த இடத்தையும் அந்தச் சொல்லையும்தானா? சண்டிலிப்பாயில் துலாச் சத்தம் கேட்கும் போதெல்லாம் அதையே நினைத்து ஏங்கியிருக்கிறேன். என் பிள்ளைகள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடும்போதும் அந்த ஏக்கம்தான்.

உலக யுத்தகாலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அண்ணை வேறு எதையும் உண்ணமாட்டார் என்பதால், அம்மா தம் பங்கு அரிசியை அவருக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டுத் தாம் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவோடு காலம் தள்ளினார். ஐயா காலமான பிறகும் சின்னையா தள்ளாத வயதில் அண்ணைக்காகப் பட்டை பிடித்தார்.

நன்றி கடைசியில் வருவதுதான் வழக்கம். நான் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், இதற்குப் பிறகு எழுத எனக்குக் கை ஓடாது. அம்மாவுக்கும் சின்னையாவுக்கும், காய்ச்சலில் பக்கத்திலிருந்து பார்த்த பரியாரியாருக்கும், அண்ணையின் கடைசிப் பயணத்தில் மேளம் அடிக்க வேண்டாம் என்று நாங்கள் கேட்டதைக் குறையாக எடுக்காத ஊரவர்களுக்கும், எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வந்து நின்று வேலை செய்தவர்களுக்கும், நீங்கள் யாவருமாய்ச் செய்த உதவிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் பின் அறையில் ஒருவர் இருந்தால், அவரை முற்றத்துக்குக் கூட்டிவாருங்கள்.

காய்ச்சல் கடுமை என்று கேள்விப்பட்டு நான் போய்ச் சேர்ந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. அண்ணை கண்ணை மூடிப் பாயில் கிடந்தார். கால்கள் மட்டும் துலாவில் நடப்பதுபோல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தன.

"நேற்றையிலிருந்து உப்பிடித்தான்" என்றார் அம்மா. "அண்ணை காணும் எண்டு நானும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன். கேக்கிறானில்லை. நீ ஒருக்காச் சொல்லு பிள்ளை."

சொன்னால் இறங்கிப் போய்விடுவார் என்று பயமாக இருந்தது. அவருக்குத் தொட்டால் பிடிக்காது, அதனால் தொடவும் இல்லை. காலடியில் போய்ச் சும்மா இருந்தேன்.

கால்கள் நின்றன.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டார்.

"இல்லையம்மா" என்றேன். "நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."