இரண்டு சைலன்ஸர், இரண்டு உள்ளங்கை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பைக் வைத்திருப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கொளுத்துகிற வெயிலில் தோல் ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட்டுக்கு மேலே ஒரு கேமரா. வண்டியை ஓட்டுவதைவிட அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் அதிகம். விம்கோ நகர் மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் என் நண்பனின் ஒர்க்‌ஷாப்புக்கு வாரா வாரம் இப்படி நாலு பேர் வந்து நிற்பார்கள். நானும் அந்தக் கும்பலில் ஒருவன்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ரொம்ப நாளாயிற்று. என்னிடம் ஜாக்கெட் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வண்டி எண்பதுகளில் வந்த இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது. ஓடும்போது மேலே படுகிற காற்றில்தான் இன்ஜின் ஆறவேண்டும். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர். ஆக்சிலேட்டர் வயர் நடுவில் இரண்டாகப் பிரிந்து இரண்டையும் சேர்த்துத் திறக்கும். இரண்டும் ஒரே அளவு திறந்தால் வண்டி பறக்கும். ஒன்று கொஞ்சம் முந்தினாலும் ஒரு சிலிண்டர் உழைக்க, மற்றது சும்மா கூடவே வரும். எங்கள் ஆபீஸிலும் அதே ஏற்பாடுதான் என்பதால் எனக்கு இது சீக்கிரம் புரிந்துவிட்டது.

நண்பனும் நானும் திருவொற்றியூரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒர்க்‌ஷாப் வைப்பதற்கு முன் அவன் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தான். தகரம் வெட்டுகிற அந்தச் சத்தத்தில் வலது காது பாதி போய்விட்டது. ஆனால் கார்புரேட்டரை அவன் காதால் ட்யூன் செய்வதில்லை. டிரெய்லர் லாரி ஓயாத ரோட்டுக்குப் பக்கத்தில் காதை நம்பி என்ன செய்ய? வண்டிக்குப் பின்னால் குந்தி, இரண்டு சைலன்ஸர் வாய்க்கும் எதிரே இரண்டு உள்ளங்கையை வைப்பான். புகை இரண்டு கையிலும் ஒரே வேகத்தில் தட்டும்வரை ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிக்கொண்டே இருப்பான். கடைசியில் வண்டிக்காரனையும் குந்தவைத்து, கையை நீட்டச் சொல்லி, "ஒண்ணா கீதா?" என்று கேட்பான். வண்டிக்காரன் தன் வாயால் "ஒண்ணா கீது" என்று சொன்ன பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைப்பான். அந்தக் கடையில் பில், ரசீது எல்லாம் அந்த இரண்டு வார்த்தைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் குந்தினேன். கையை வைத்தேன். ஒன்றாகத்தான் இருந்தது. "ஒண்ணா கீது" என்றேன்.

என் வீடு எண்ணூரில். அங்கே காலையில் துடைத்த சீட்டில் சாயங்காலம் விரலால் கோலம் போடலாம். அவ்வளவு நிலக்கரித் தூளும் சாம்பலும். அப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு, சத்தம் கம்பீரமாக வரவேண்டும் என்று ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்ட மேதை நான். எங்கள் பக்கத்தில் என்னைப் போன்ற மேதைகள் இன்னும் சிலர் உண்டு. வண்டியை நிறுத்தியதும், கார்புரேட்டருக்குப் பின்னால் திறந்து கிடக்கும் ரப்பர் குழாய்களில் தூசி போகாமல் துணியைத் திணித்து வைப்போம். காலையில் உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்புவோம். என்னுடைய துணி ஒரு பழைய நீலக் கட்டம் போட்ட லுங்கியின் இரண்டு துண்டு.

மறுநாளே வண்டி இழுக்கவில்லை. இடது பக்கம் கெட்டியாகப் புகைந்தது, இருமியது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆபீஸ் போய்வந்து, அடுத்த ஞாயிறு நேராக ஒர்க்‌ஷாப்பில் போய் நிறுத்தினேன். வழக்கமாக வரும் நாலு பேரும் இருந்தார்கள். நண்பன் பின்னால் குந்திக் கையை வைத்துப் பார்த்தான்.

"லெப்ட்டுல காத்து பத்தல மாமு. எங்கனா அடச்சிகினு கீது. கழட்டிப் பாத்துர்லாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன வாரம் நீ செஞ்ச வேலைதான இது? காதுதான் போச்சுன்னு பாத்தா, இப்ப கையும் மரத்துப் போச்சா உனக்கு?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணா கீதுன்னு சொன்னது யாரு?"

"உன் மூஞ்சிக்காக சொன்னேன்."

அது பொய். நாலு பேருக்கு முன்னால் வாய் கூசாமல் சொன்னேன். அவன் உள்ளே போய்விட்டான். அடுத்த ஞாயிறு அந்த நாலு பேரில் மூன்று பேர் அங்கே போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அண்ணா நகரில் ஏசி போட்ட ஒரு கடைக்குப் போனார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நானே ட்யூன் செய்வது என்று முடிவெடுத்தேன். காற்று அளக்கும் மீட்டர் ஒன்று ஆன்லைனில் வரவழைத்தேன். போனில் வெள்ளைக்காரன் ஒருவன் தூசியே இல்லாத அறையில், நகத்தில் அழுக்குப் படாமல் சொல்லிக்கொடுத்தான். குழாயின் வாயில் மீட்டரைப் பொருத்தினால் இடது பக்கம் எண் குறைவாகக் காட்டியது. சரி, இடது பக்கத்தைக் கொஞ்சம் அதிகம் திறந்தேன். பிளக் கறுப்பாக இருந்தது, பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். சரி, அந்தப் பக்கம் பெட்ரோல் வருகிற ஜெட்டைக் கழற்றி, துளை சின்னதாக உள்ள ஒன்றைப் போட்டுக் குறைத்தேன். மூன்று ஞாயிறு இப்படியே போயிற்று.

"ஜொரம் வந்த கொயந்திக்கு வெக்கிற மாரி வச்சிகினே கீறியே, அது இன்னாதான் சொல்து?" என்றாள் மனைவி.

இரண்டு பக்கமும் ஒரே எண் என்று சொன்னது. அதைப் படம் பிடித்துப் பழைய வண்டிக்காரர்கள் குழுவில் போட்டேன். இனிமேல் காதும் வேண்டாம், கையும் வேண்டாம் என்று கீழே எழுதினேன். பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

நாலாவது ஞாயிறு கடலோர எக்ஸ்பிரஸ் ரோட்டில் திருவொற்றியூர் பக்கமாக வந்தேன். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு இடது பக்கத்தின் சத்தமே மாறிவிட்டது, கணீரென்று கேட்டது. என் ட்யூனிங் இப்போதுதான் செட் ஆகிறது என்று நினைத்து இன்னும் முறுக்கினேன். வண்டி பறந்தது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன்.

திடீரென்று பின்சக்கரம் இறுகி நின்றது. கிளட்சைப் பிடித்தது நானா என் பயமா என்று தெரியாது. வண்டி பாம்பு மாதிரி நெளிந்து ரோட்டோரம் போய் நிற்க, பின்னால் வந்த கன்டெய்னர் டிரெய்லர் ஹாரனை அடித்துக்கொண்டே என்னை உரசினாற்போலப் போயிற்று. இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஜின் இறுகிப்போயிருந்தது, கிக்கர் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். கார்புரேட்டருக்குக் கீழே, சட்டத்தின் இடுக்கில், பெட்ரோலில் ஊறிய ஒரு துணித் துண்டு. நீலக் கட்டம். பாக்கெட்டில் இருந்த இரண்டில் ஓரம் கிழிந்திருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கிழிசல் அச்சாகப் பொருந்தியது. அவன் ட்யூன் செய்த மறுநாள் காலை நான் உருவும்போதே துணி கிழிந்து, பாதி இடது குழாயின் ஆழத்தில் தங்கியிருக்கிறது; நான் கவனிக்கவில்லை. நான் அந்தத் துணிக்குத்தான் மூன்று வாரம் ட்யூன் செய்திருக்கிறேன். பள்ளத்தில் அது வெளியே விழுந்ததும் காற்று அதிகமாகி, பெட்ரோல் போதாமல், சூட்டில் பிஸ்டன் இறுகிவிட்டது.

கடல் எதிரிலேயே இருந்தது. கல்லைக் கட்டித் துணியை வீசினால் முடிந்தது; பழைய இன்ஜின், தானாகப் போயிற்று என்று சொல்லிவிடலாம். அப்படிச் செய்ய ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கை சரியாகத்தான் இருந்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கந்தல். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.

குட்டி யானை வண்டியோடு அவனே வந்தான். கிழிந்த இரண்டு பாதியையும் நீட்டினேன். பெட்ரோல் டேங்க்மேல் சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"நல்ல லுங்கி மாமு" என்றான். பிறகு கயிற்றை எடுத்து வண்டியை ஏற்றிக் கட்ட ஆரம்பித்தான்.

மூன்று வாரம் கழித்து, புது பிஸ்டன் போட்டு, பரணில் இருந்த ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டி, வண்டி தயாரானது. நான்தான் குழுவில் எழுதி நாலு பேரையும் வரச் சொன்னேன். துணியைக் காட்டினேன். தப்பு என்னுடையது, அன்றைக்கு வண்டி ஒன்றாகத்தான் இருந்தது, மூஞ்சிக்காகச் சொன்னேன் என்றது பொய் என்று சொன்னேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். நண்பன் நிமிரவில்லை; ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

பிறகு பின்னால் குந்தி இரண்டு கையையும் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். கடை வழக்கப்படி நான் போய்க் குந்தி, கையை நீட்டினேன்.

"நீ வாணாம் மாமு" என்றான். குரலில் கோபமே இல்லை.

ஜாக்கெட்டும் கேமராவுமாக நின்ற ஆளைக் கூப்பிட்டான். "சார், கொஞ்சம் வந்து கைய வைங்க." அந்த ஆள் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் குந்தி, என் வண்டிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தான். எழுந்து இடம் விட்டேன்.

"ஒண்ணா இருக்குங்க" என்றான் அவன்.

நண்பன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.